மூடியே வைக்கிற ஜன்னலுக்கு

உள்ள வாங்க டீச்சர், வாங்க. செருப்ப அங்கயே விடுங்க, ஒண்ணும் ஆகாது. மாடி வீடு பாக்கத்தான வந்தீங்க? போன்ல பேசினது நான்தான், குணவதி. சாவி எங்க வீட்டுக்காரரு பாக்கெட்ல போயிருச்சு. எங்க கெளம்பினாலும் ஏதாவது ஒரு சாவியப் பையில போட்டுக்கிட்டுப் போறது அவரு வழக்கம். ரேசன் கடை வரைக்கும்தான் போயிருக்காரு, வந்துருவாரு. ஃபேன் போடறேன், ஒக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல ஒக்காருங்க.

என்ன, ஸ்கிரீனப் பாக்கறீங்களா? வர்றவங்க எல்லாரும் அதத்தான் பாக்கறாங்க. கரூர்ல ஸ்கிரீன் துணிக்கு என்ன பஞ்சம். இங்க தைக்கறதுதான் கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போகுது. ஆனா எங்க ஜன்னலுக்கு இருபது வருசமா ஸ்பிரிங் கம்பியில கோத்த ஒரு பழந்துணிதான், அதும் ஓரமா ஒதுங்கிக் கெடக்கும். மத்தியானம் வெயில் அடிக்கறப்ப மட்டும் இழுத்து விடுவேன். இப்பத் தொங்குது பாருங்க, இது ரெண்டாவது. மொதல்ல போட்டது மாடியில இருக்குது, நீங்க பாப்பீங்க. ஒரே ஜன்னலுக்கு ஒரே வருசத்துல எதுக்கு ரெண்டு ஸ்கிரீன்னு எங்க வீட்டுக்காரரு இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காரு. அவருக்குச் சொன்னாப் புரியாது. நீங்க படிச்சவங்க, சொல்றேன் கேளுங்க.

நான் யாரப் பத்தியும் கொறை பேசற ஆளு இல்லைங்க. ஆனா நடந்தத நடந்தபடி சொல்லணுமில்ல.

இந்த ஜன்னலுக்கு நேரா எதுத்த வீட்டு ஜன்னல். நடுவுல இருக்கறது தெருன்னு பேரு, ஒரு ஆட்டோ வந்தா சைக்கிள்காரன் எறங்கி நிக்கணும். அந்த வீடு வசந்தாமணியோடது. அவளும் நானும் ஒரே வருசத்துலதான் இந்தத் தெருவுக்கு வந்தோம். அவ வீட்டுக்காரரு தவறிப் போய் பல வருசமாச்சு. ரெண்டு பொண்ணுக. மூத்தவளத் திருப்பூர்ல கட்டிக் கொடுத்தா. சின்னவளுக்குப் போன தையில கல்யாணம் பண்ணி ஓசூருக்கு அனுப்பிட்டா. இப்ப அந்த வீட்டுல அவ ஒருத்திதான். காலைல அவ அங்க வந்து நிப்பா, நான் இங்க வந்து நிப்பேன். 'என்ன கொழம்பு?'ன்னு கேப்பா. நான் தட்டப்பயறும்பேன். 'நேத்தும் அதத்தான் வெச்ச'ம்பா. நேத்து வெச்சது கொள்ளு. அவளுக்குக் காதும் சரியில்ல, ஞாபகமும் சரியில்ல. இப்படியே பேசிப் பேசி ரெண்டு வீட்டுலயும் அடுப்புல பால் பொங்கிப் போகும். தெனமும் நடக்கறதுதான்.

அந்தச் சின்னவ கல்யாணத்துலதான் வந்துச்சு வெனை. அந்தக் கல்யாணத்துக்கு நான் ஒழைச்ச மாதிரி அவ கூடப்பொறந்தவ ஒழைக்கலைங்க. பத்திரிகைக்கு மஞ்சத் தடவினது நான். மொத நாள் சாயங்காலம் மண்டபத்துல சம்மணம் போட்டு ஒக்காந்து தாம்பூலப் பை பூராவும் நிரப்பினது நான். வெத்தலை, பாக்கு, தேங்கா, ஒரு சாத்துக்குடி. வேற ஒருத்தரத் தொட விடல. சின்னஞ்சிறுசுக கையில விட்டா ஒண்ண வெச்சு ஒண்ண மறந்துரும், அதனால நானே பாத்துக்கிட்டேன். பைய நிரப்பிக்கிட்டே அவ நாத்தனா கூடப் பேச்சுக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டு விவரம் பூராவும் வாங்கிட்டேன். காலைல வாசல்ல சந்தனக் கும்பாவோட நின்னதும் நான்தான். கால் வீங்கிப் போச்சு.

சாப்ட்டுக் கெளம்பறப்ப வசந்தாமணியே வந்து எங்க ரெண்டு பேரு கையிலயும் பை கொடுத்தா. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாக்கறேன். வெத்தலை இருக்குது. பாக்கு இருக்குது. சாத்துக்குடி இருக்குது. தேங்கா இல்ல. எங்க வீட்டுக்காரரு பையில இருக்குது. என் பையில மட்டும் இல்ல.

அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? 'என்னோடத எடுத்துக்க, சட்னிக்கு ஒண்ணு போதும்'னாரு. இவரோட முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணியிருக்கறேன். தேங்கா பெருசா டீச்சர்? மனசுதான பெருசு. அப்பறம் மெதுவா, 'பையெல்லாம் நீதான போட்ட'ன்னாரு. அது வேற விசயம்னேன். போட்டது யாரா இருந்தா என்ன? கையில எடுத்துக் கொடுக்கறவளுக்குக் கனம் தெரிய வேண்டாமா? அத்தனை பேருக்குக் கொடுத்த கை, எனக்குக் கொடுக்கறப்ப மட்டும் தெரியாமப் போகுமா? நீங்களே சொல்லுங்க. சரி, நீங்க புதுசா வந்தவங்க, ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

நான் வாயத் தொறந்து அவகிட்டக் கேக்கல. தேங்காய்க்குப் போய் மூஞ்சியத் தூக்கறாம்பாங்க. அவளாவே தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்னு இருந்தேன். அவ மறுநா காலைல ஜன்னல்ல வந்து நின்னு, ஒண்ணுமே நடக்காத மாதிரி, 'என்ன கொழம்பு?'ங்கறா. ஸ்பிரிங் துணிய இழுத்து விட்டேன். அது நடுவுல தொய்ஞ்சு போய் ஓரத்துல ஒரு சாண் சந்து. அந்தச் சந்துல அவ மூஞ்சி. 'ஏ குணவதி, ஒடம்பு சரியில்லையா?'ங்கறா. 'தலைவலி'ன்னேன். கோவமா இருக்கறவகிட்ட வந்து இப்படி விசாரிச்சா கோவம் எப்படிங்க நிக்கும்? நல்லதா ஒரு ஸ்கிரீன் தைச்சு மாட்டினாத்தான் இதுக்கு ஒரு முடிவு வரும்னு அன்னைக்கே தீர்மானம் பண்ணிட்டேன்.

பஜார்ல ஞானவேலுன்னு ஒரு தம்பி ஸ்கிரீன் கடை வெச்சிருக்குது. வீட்டுக்கே வந்து அளவெடுத்து, தைச்சு, மாட்டியும் கொடுத்துரும். டேப்பும் மாதிரித் துணிகளுமா வந்துச்சு. துணிய நான் அஞ்சு நிமிசத்துல எடுத்துட்டேன், கெட்டியா, வெளிச்சம் புகாத துணி. அப்பறம்தான் அது கேட்டுச்சு, 'அக்கா, மேல் தலை எப்படித் தைக்கட்டும்?'னு. தலைன்னா என்னப்பான்னேன். துணி கம்பியில தொங்கற எடம் இருக்குதில்ல, அதுக்குப் பேரு தலையாமா. அதுல நாலஞ்சு தினுசு இருக்குதாமா. 'தெனமும் தொறந்து மூடற ஜன்னலாக்கா, இல்ல மூடியே இருக்கறதா? அதச் சொன்னீங்கன்னா நானே சொல்லிருவேன்'னுச்சு.

மூடியேதாம்ப்பா இருக்கும்னேன். சாகற வரைக்கும் மூடித்தான் இருக்கும்னேன். உள்ள பேப்பர் படிச்சுட்டிருந்தவரு நிமிந்து பாத்துட்டு மறுபடியும் பேப்பருக்குள்ள போயிட்டாரு.

'அப்ப ரொம்பச் சுலபம்க்கா. மேல பை மாதிரி மடிச்சுத் தைச்சு அதுக்குள்ளயே கம்பிய விட்டுரலாம். துணியும் கொஞ்சம், கூலியும் கொஞ்சம். ஆனா ஓடாது, சுருக்கம் கம்பியப் பிடிச்சுக்கும்'னுச்சு. ஓடாதுன்னா என்னப்பா அர்த்தம்னு கேட்டேன். தொறக்கணும்னா ரெண்டு கையாலயும் தள்ளித் தள்ளித் தொறக்கணுமாமா. எனக்குச் சரியாப் படல. ஒரு அவசரம்னா? தெருவுல ஏதாவது சத்தம்னா? கேஸ்காரன் வந்து நின்னான்னா? வேண்டாம்னுட்டேன்.

அடுத்தது, துணியிலயே பட்டி பட்டியாத் தைச்சுக் கம்பியில கோக்கறது. பாக்க அம்சமா இருந்துச்சு. ஆனா பட்டிக்குப் பட்டி மேல இடைவெளி இருக்குது. நான் எழுந்திரிச்சு நின்னா என் கொண்டை அவளுக்குத் தெரியும். குணவதி வீட்டுலதான் இருக்கறா, சும்மா மூடி வெச்சிருக்கறான்னு நெனைப்பா. அதும் வேண்டாம்னேன்.

அடுத்தது ரிங்கு. துணியிலயே ஓட்டை போட்டு ஸ்டீல் வளையம் அடிக்கறது. இப்ப எல்லாரு வீட்டுலயும் அதான். ஞானவேலு ஒண்ணக் கம்பியில மாட்டி இழுத்துக் காட்டுச்சு. சர்ர்ருனு ஒரு சத்தம். தெருக்கோடியில இருக்கறவனுக்குக் கேக்கும். நான் லேசா ஒதுக்கினேன்னு வெச்சுக்கங்க, எதுக்குமில்ல, சும்மா வெளிச்சத்துக்கு ஒதுக்கினேன்னு வெச்சுக்கங்க, ஒடனே அவளுக்குத் தெரிஞ்சுரும், குணவதி பாக்கறான்னு. எனக்கு எதுக்கு அந்தப் பேரு?

'சத்தமே வரக் கூடாது, நிமிசத்துல ஓடணும், அப்படி ஏதாவது இருக்குதாப்பா?'ன்னு கேட்டேன். அந்தத் தம்பி தலையச் சொரிஞ்சுச்சு. 'இருக்குதுக்கா. மேல மூணு மூணு மடிப்பாப் பிடிச்சுத் தைக்கற ப்ளீட்டு. தண்டவாளம் மாதிரி ஒரு பட்டையில சின்னச் சின்னச் சக்கரம் வெச்சு, கயிறப் பிடிச்சு இழுத்தா மூச்சு விடாம நகரும். ஆனா துணி ரெண்டு மடங்கு ஆகும். மூடியே வைக்கற ஜன்னலுக்கு எதுக்குக்கா இது? யாரும் போட மாட்டாங்க'ன்னுச்சு. உனக்கு வியாபாரமே தெரியலப்பா, சொன்னதத் தைச்சுக் கொண்டான்னேன். மூடறதுன்னு முடிவு பண்ணினா அத ஒழுங்கா மூடணும். அவ்வளவுதான் விசயம்.

அந்தத் தம்பி அளவெடுத்துட்டு வெளிய எறங்கினதும், வசந்தாமணி அவ வாசல்லயே நின்னு அதக் கூப்புட்டுட்டுப் போறா. நான் போட்டா அவளும் போடுவா, எப்பவும் அப்படித்தான். எனக்கு மாட்ட வந்தப்ப ஞானவேலுகிட்ட மெதுவாக் கேட்டேன். நான் ஒண்ணும் தோண்டித் துருவல, பேச்சோட பேச்சாக் கேட்டேன், அவ என்ன தலை போட்டான்னு. 'அவங்க ரிங்குக்கா'ன்னுச்சு. பாத்தீங்களா? எனக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சே போட்டிருக்கறான்னு நெனைச்சேன். சர்ரு சர்ருனு இழுத்து என் காதுல விழணும்னே பண்றான்னு நெனைச்சேன்.

சொன்ன மாதிரியே ஆச்சு. விடியறதுக்குள்ள ஒரு சர்ரு. பால்காரன் போனதும் ஒண்ணு. டிபன் சாப்ட்டதும் ஒண்ணு. வெயிலே இல்லாத நாள்லகூட மூடுவா, தொறப்பா, மறுபடியும் மூடுவா. நான் காது கொடுத்தெல்லாம் கேக்கலைங்க, அதுவா வந்து விழுகுது, என்ன பண்றது? விழுந்தா நான் என் கயிற லேசா ஒரு விரலளவு இழுப்பேன். ப்ளீட்டு சும்மா சொல்லக் கூடாது, பூனை நடக்கற மாதிரி நகரும். அவ மூடியிருக்கறாளா தொறந்திருக்கறாளான்னு பாத்துட்டு விட்டுருவேன். அவ்வளவுதான். அவ மெலிஞ்சு போயிருந்தா. பச்சைச் சேலையவே அந்த வாரத்துல மூணு நாள் கட்டினா. ஒரு நாள் ஜன்னல்ல நின்னு வாசலையே பாத்துட்டிருந்தா, யாரும் வரல. எனக்கென்ன வந்துச்சு, நான் கோவத்துல இருக்கறேன்.

இப்படி மாசி போயி, பங்குனியும் போச்சு. எங்க வீட்டுக்காரரு ஒரு நாள், 'ஜன்னலுக்குப் போட்ட ஸ்கிரீன நீ டிவிய விட அதிகமாப் பாக்கற'ன்னாரு. அவரு கூட நான் ரெண்டு நாள் பேசல.

அப்பறம் சித்திரையில ஒரு நாள் காலைல எந்திரிக்கறேன், சத்தம் இல்ல. பால்காரன் வந்துட்டுப் போயிட்டான், சத்தம் இல்ல. டிபன் நேரமும் போச்சு. கயிற இழுத்துப் பாத்தேன். ஸ்கிரீன் மூடினது மூடினபடி. ஓசூருக்குப் போயிருப்பாளோன்னு பாத்தா செருப்பு வாசல்லயே கெடக்குது. பால் பாக்கெட்டு எடுக்காமக் கெடக்குது. எனக்குக் கொழம்புல உப்புப் போட்டனா இல்லையான்னே தெரியல. எங்க வீட்டுக்காரருகிட்ட, 'எதுத்த வீட்டுல சத்தமே இல்லைங்க'ன்னேன். 'நல்லதுதான, சத்தம் சத்தம்னு அழுதியே'ன்னாரு. மனுசன் பேசற பேச்சா இது?

மத்தியானம் வெயிலும் ஏறிப் போச்சு, அதுக்கு மேல என்னால முடியல டீச்சர். வயசான பொம்பளை, தனியா இருக்கறா, நெஞ்சுக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணுன்னு மாத்திரை போடறவ. செருப்புகூடப் போடாம, சுடற தார் ரோட்டுல ஓடி அவ கதவ இடிச்சேன். ரெண்டு கையாலயும் இடிச்சேன். தெருவே வெளிய வந்து பாக்குது.

கதவத் தொறந்தவ வசந்தாமணிதான். ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம கல்லாட்டம் நிக்கறா. தலை வாரல, கண்ணு மட்டும் வீங்கியிருக்குது. 'என்ன குணவதி?'ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'ஏண்டி இன்னைக்கு ஸ்கிரீன் தொறக்கல? காலைல ஒண்ணு, பால் வந்ததும் ஒண்ணு, டிபனுக்கு ஒண்ணு, ஒண்ணையும் காணோம். நான் என்னன்னு நெனைக்கறது? நீ செத்துக் கித்துப் போயிட்டியோன்னு என் உசுரே போயிருச்சு'ன்னேன். வார்த்தை தப்புத்தான். பயத்துல வந்துருச்சு.

அவ, 'உனக்குக் கேட்டுச்சா?'ன்னு கேட்டா.

'கேக்காம? தெருவுக்கே கேக்குது'ன்னேன்.

அப்படியே வாசப்படியில ஒக்காந்துட்டா. 'சத்தம் கேட்டாவது நீ ஒரு வாட்டி எட்டிப் பாப்பேன்னுதான் ரிங்கு போட்டேன்'ங்கறா. 'அந்தத் தம்பி, சத்தமில்லாம ஓடறதும் இருக்குதுன்னு சொல்லுச்சு. வேண்டாம், நல்லாச் சத்தம் வர்றதாக் கொடுன்னு கேட்டு வாங்கினேன். நானும் தெனம் இழுக்கறேன், தொறக்கறேன், மூடறேன். உன் ஸ்கிரீன் ஒரு நாள்கூட ஆடல. சின்னவளும் போயிட்டா, நீயும் மூடிக்கிட்ட. இந்த வீட்டுல நான் என்ன சத்தம் போட்டாலும் கேக்கறதுக்கு ஆளில்லைன்னு தோணிருச்சு. இன்னைக்கு எந்திரிச்சுத் தொறக்கவே பிடிக்கல குணவதி.'

டீச்சர், ரெண்டு மாசமா அவ என்னத்தான் கூப்புட்டுட்டு இருந்திருக்கறா. நான் மூச்சு விடாத கயிறப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் நிக்கறேன். 'அடியே, ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் பாத்தேன்டி. பச்சைச் சேலையவே மூணு நாள் கட்டினியே, அதும் தெரியும். என்னோடது ஆடாத சாதி, அதான் உனக்குத் தெரியல'ன்னேன். அவ அழுகையும் சிரிப்புமா, 'அதுக்குன்னு தேடித் தேடிப் போட்டியாக்கும்?'னா. நானும் அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரரு என் செருப்பத் தூக்கிட்டு வந்து பின்னாடி நிக்கறாரு, உள்ள வர்றதா போறதான்னு தெரியாம.

எதுக்குக் கோவம்னு அவ கேட்டா. தலைவலின்னு சொல்லிட்டேன். ரெண்டு மாசத் தலைவலியான்னா. ஆமான்னேன். நான் பெருந்தன்மையா விட்டுட்டேன், அதப் போய் இப்பக் கெளறக் கூடாது. நீங்களும் அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க.

மறுநாளே ஞானவேலுக்குப் போன் போட்டேன். எனக்கும் ரிங்கு வேணும், அவளுக்குப் போட்டியே, அதே வளையம், அதே சத்தம்னேன். 'அந்த ப்ளீட்டு என்னக்கா ஆச்சு, புதுசாச்சே'ன்னுச்சு. அது ரொம்ப நல்ல ஸ்கிரீன், மனுசங்களுக்கு ஆகாதுன்னேன். அதத்தான் மாடியில மாட்டியிருக்கறேன். உங்களுக்குப் பிடிச்சா வெச்சுக்கங்க, இல்லைன்னாக் கழட்டிக்கலாம். உங்க ஜன்னலும் தெருவப் பாத்துத்தான் இருக்குது.

நீங்க தனியாத்தான இருக்கப் போறீங்க? அதான் போன்லயே கேட்டேன். தனியா இருந்தா என்ன, நாங்க இருக்கறம். நான் அடுத்தவங்க விசயத்துல தலையிட மாட்டேன், அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கற நல்ல கொணம். எத்தனை மணிக்கு வந்தீங்க, யாரு வந்தாங்கன்னெல்லாம் கேக்க மாட்டேன். ராத்திரி என்ன சாப்ட்டீங்கன்னு மட்டும் கேப்பேன்.

தோ, வந்துட்டாரு. ஏங்க, டீச்சரு எம்புட்டு நேரமாக் காத்துட்டிருக்காங்க, சாவிய எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க? பேச்சுத் தொணைக்கு நான் இல்லைன்னா அவங்க போயே இருப்பாங்க. மேல கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க. குழாயெல்லாம் தொறந்து காட்டுங்க.

இருங்க. கேட்டுச்சுங்களா? சர்ருன்னு. வசந்தாமணிதான், மத்தியானத் தூக்கம் போட்டு எந்திரிச்சுட்டா. நீங்க அவரோட போங்க டீச்சர், படியில சாமான் கெடக்கும், பாத்து ஏறுங்க. நான் இத ஒரு இழு இழுத்துட்டு வர்றேன். இல்லைன்னா அவ அங்கயே நின்னுட்டிருப்பா.